வடக்கு வாயிலுக்கு இரண்டு மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா பேச்சை எடுத்த உடனே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. தூக்கிப் போட்டாலும் எடுத்துப் படிக்கத்தான் தோன்றும்.

முதலில் நல்ல சேதி. நாங்கள் தலைநகரைச் சுற்றிப் பார்க்க வருகிறோம். அப்பா, அம்மா, நான், என் வாண்டு, ஆக நான்கு பேர். உன் அத்தானுக்கு மில்லில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வாரம். எலக்ட்ரீஷியன்கள் யாருக்கும் லீவு இல்லையாம். வரும் வெள்ளிக்கிழமை காலை ரயில் ஏறி மாலை அங்கே இறங்குகிறோம். திங்கட்கிழமை திரும்பிவிடுவோம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் அறை சொல்லியாயிற்று. உன் வீட்டிலேயே தங்கலாமே என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். அப்பா காதில் விழாத மாதிரி ரயில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு தடவை சொல்லவில்லை.

நம் வீட்டில் கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி இவற்றுக்குத்தான் இதுவரை பெட்டி கட்டியிருக்கிறோம். ஊர் பார்க்க என்று கிளம்புவது இதுதான் முதல் தடவை. அதனால் ஆளுக்கு ஒரு கவலை. அம்மா புதுச் செருப்பு வாங்கி, கடிக்காமல் இருக்க வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறாள். அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றச் சொல்வார்களா என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். கழற்ற வேண்டுமென்றால் பழையதே போதுமாம், தொலைந்தாலும் பரவாயில்லையாம். வாண்டுக்கு நாலாம் வகுப்புப் பாடத்தில் அந்த அரண்மனை வருகிறது. எந்த ராஜா எத்தனை வருஷம் ஆண்டான் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே ஒப்பிக்கிறது. அரியணையில் ஒரு நிமிஷம் உட்காரவிடுவார்களா என்பது அதன் கேள்வி.

திட்டம் எல்லாம் அப்பாவுடையது. போன மாதம் அவர் ஓய்வு பெற்றார் என்று அம்மா சொல்லியிருப்பாள். கடைசி நாள் பேருந்தை டிப்போவில் விட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். எப்போதும் போலச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டே, தலைநகரை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

மறுநாளே வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கிவந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். டிப்போவில் அவருக்குக் 'கடிகாரம்' என்று பட்டப்பெயர் வைத்தது சும்மாவா? மணிக்கூண்டு இருபது நிமிஷம். அரண்மனை ஒன்றரை மணி நேரம். அருங்காட்சியகம் ஐம்பது நிமிஷம், அதில் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம். கழிப்பறைக்கு நேரமே இல்லையே என்று அம்மா சண்டை போட்ட பிறகு அதையும் சேர்த்தார்.

அந்தத் தாளில்தான் எனக்கு ஒன்று இடித்தது. சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கோட்டையின் வடக்கு வாயில் என்று போட்டிருந்தார். புத்தகத்தில் அதைப் பற்றி இரண்டே வரி. பழுதுபார்க்கும் வேலை நடப்பதால் உள்ளே போக முடியாது என்பது அதில் ஒரு வரி. சாரம் கட்டி வலை போட்டு மூடியிருக்கும் சுவரை இரண்டு மணி நேரம் என்னப்பா பார்ப்பது என்று கேட்டேன். அங்கே கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம் என்றார். முகத்தை நிமிர்த்தவில்லை.

எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அடுத்த நாள் வாண்டுதான் போட்டு உடைத்தது. சாரத்தின் மேல் தலைக்கவசம் போட்டு நிற்கிற மாதிரி ஒரு படம் எனக்கு அனுப்பியிருந்தாயே, நான் குளிக்கப் போயிருந்தபோது அப்பா என் போனை எடுத்து வாண்டிடம் கொடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார். உன் பின்னால் இருந்த பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். 'வடக்கு வாயில், கல் சீரமைப்புப் பணி' என்று அது படித்திருக்கிறது. இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டாராம். "அப்புறம் மாமா மூஞ்சியப் பெருசாக்கச் சொன்னாரும்மா. இளைச்சிருக்கானான்னு கேட்டாரு" என்றது.

தம்பி, பழைய கதையைக் கிளற எனக்கு ஆசை இல்லை. டிப்போ மேலாளரிடம் சொல்லி அவர் வாங்கித் தந்த மெக்கானிக் வேலையை எட்டே மாதத்தில் நீ விட்டது அவருக்குக் கோபம்தான். ஆனால் அது ஆறியிருக்கும். "உங்கள மாதிரி இருபத்தேழு வருஷம் ஒரே ரோட்டுல போயிட்டுப் போயிட்டு வர என்னால முடியாது" என்று வாசலில் நின்று சொன்னாயே, அது ஆறவில்லை. அவரும் பதிலுக்கு, போனவன் திரும்பி வர வேண்டாம் என்றார். அதன் பிறகும் நான்கு வருஷம் அதே ரோட்டில்தான் வண்டி ஓட்டினார். அன்றைக்கு நானும் துணி மடித்துக்கொண்டு அங்கேதான் நின்றேன். உங்கள் இருவரில் ஒருவர் வாயையாவது நான் அடைத்திருக்கலாம். செய்யவில்லை. மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்க்காதே. நீயும் கேட்க வேண்டாம், இருவரும் உளறிக் கொட்டுவீர்கள். மேலே வேலையாக இருந்தால் கீழே இறங்கி வா. "வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல். போதும். இவ்வளவு பெரிய கல்லை எப்படி மேலே ஏற்றுகிறீர்கள் என்று அவரே கேட்பார். பொறுமையாகச் சொல். சாரத்தில் போட்ட கட்டு சரியில்லை என்று குறையும் சொல்வார். சரிப்பா, சரி செய்கிறேன் என்று சொல்லிவிடு. நாங்கள் மூன்று பேரும் தள்ளிப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்போம்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா மேசை அருகே நிற்கிறார். யாருக்கு என்றார். உனக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். படித்தாரா என்று தெரியவில்லை.

"பத்து மணின்னு எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன் என்றேன். சரி என்று போனவர் கதவருகே நின்றுவிட்டார்.

"அவனுக்கு வேல இருக்கும். பத்தர ஆனாலும் சரி, பதினொண்ணு ஆனாலும் சரி. நாங்க அங்கதான் நிப்போம்னு எழுது."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். பயணிகள் ஓடி வந்தாலும் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைக்காத மனிதர். உனக்கு நான் வேறு சொல்ல வேண்டுமா?

உயரத்தில் வேலை பார்க்கிறவன் நீ. எங்களைப் பார்த்ததும் அவசரப்பட்டு ஓடி வராதே. கால் வைக்கிற இடம் பார்த்து, பிடித்துப் பிடித்து இறங்கி வா. நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா