தைக்காத புத்தகம்

ஈப்போ
3.8.1978

அன்பு மகள் மங்களத்துக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் அச்சு மிஷினும் நலம். மூணு பேர்ல மிஷின்தான் கொஞ்சம் குறைவாச் சத்தம் போடுது.

நீ எழுதின நாவல் வந்து சேர்ந்துச்சு. ஆறாவது வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிச்சவன் பதிப்பாளர்னு போர்டு மாட்டிக்கிட்டா, மகள் எழுத்தாளர் ஆகி வந்து நிக்கத்தானே செய்வா. கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நோட்டீசுக்கும் நடுவில் வருஷத்துக்கு ஒரு புத்தகம் போடுற கடை இது. இந்த வருஷப் புத்தகம் உன்னுதுதான்னு எழுத்துக் கோக்கிற ஜெயபாலன்கிட்ட சொல்லிட்டேன்.

படிச்சேன்மா. ரப்பர் தோட்டத்து லயத்தில் எட்டாம் நம்பர் வீடு, அதில் பால் மரம் வெட்டப் போற வீரம்மா, கருப்பம்மாள். கித்தாப் பால் நாத்தம் என் சட்டையில் ஏறிடுச்சு. தோட்டத்தை விட்டு வந்தவனை மறுபடி விடிகாலையில் பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்க வெச்சிட்டே.

ஒரே ஒரு சின்ன விஷயம். கருப்பம்மாளை ஆம்பளையா மாத்திடலாமா? கதை அப்படியே இருக்கட்டும். ஒண்ணா வேலைக்குப் போறது, காய்ச்சலுக்குக் கஞ்சி வெச்சுக் குடுக்கிறது, ஒரு போர்வைக்குள்ளே படுக்கிறது எல்லாம் இருக்கட்டும். ஒரு ஆளுக்கு மட்டும் மீசை வெச்சுட்டா வேலை முடிஞ்சுது. கோயில் தலைவர் ராமையா அண்ணன் கண்ணில் இது பட்டா, நோட்டீசு அடிக்க நம்மகிட்ட வரமாட்டார். அவரைப் பார்த்து மத்தவங்களும் வரமாட்டாங்க. அரசாங்க ஆஸ்பத்திரி வேலைன்னு புனைபெயர் போடச் சொல்லியிருக்கே, அது சரி. எனக்குப் புனைகடை எதுவும் இல்லையே.

கோலா கங்சார் மாப்பிள்ளை வீட்டில் மறுபடி கேட்டு விட்டிருக்காங்க. உன் அம்மா பதிலுக்கு என்னைத்தான் முறைக்கிறா.

உன்கூட ரூம்ல இருக்கிற பூமணியை விசாரிச்சதாச் சொல்லு. போன தீபாவளிக்கு வந்தப்போ அவ யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு நான் சிரிச்சதுக்கு இன்னும் கோவமா?

அன்புடன் அப்பா,
சின்னையா


தைப்பிங்
11.8.1978

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மழைதான், வேறு என்ன. பூமணிக்குக் கோபம் இல்லை. உங்களைப் போலப் பேசிக்காட்டி வார்டில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறாள்.

கருப்பம்மாளுக்கு மீசை வைக்க மாட்டேன் அப்பா.

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நானும் பூமணியும் ஒரே அறையில் இருப்பது இடம் போதாததால் அல்ல. ஐந்து வருஷமாக அந்த வீரம்மாவும் கருப்பம்மாளும் மாதிரிதான் நாங்கள் வாழ்கிறோம். இதற்கு நம் பேச்சில் ஏசுகிற பேர்தான் இருக்கிறது. நல்ல பேர் ஒன்று இருந்தால் அதை எழுதியிருப்பேன்.

இப்படி ஒரு கதை தமிழில் என் கைக்குக் கிடைத்ததே இல்லை. கிடைத்திருந்தால், பயிற்சிக்குப் போன புதிதில் எனக்கு என்ன வியாதி என்று நர்ஸிங் பாடப் புத்தகத்தில் தேடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். இப்போதும் ஏதோ ஒரு தோட்டத்தில் ஒருத்தி தேடிக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்காக எழுதினேன்.

நர்ஸ் மிஸ்ஸிகள் குவார்ட்டர்ஸில் யாராவது கதவைத் தட்டினால், திறக்குமுன் இரண்டாவது கட்டிலையும் கலைத்து வைக்கிறோம், அதிலும் ஒருத்தி படுத்து எழுந்த மாதிரி. வெளியே வீடு எடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள். ஒருத்திக்கு இடமாற்றம் வந்தால் மற்றவள் யாரிடமும் போய் அழ முடியாது. புத்தகத்திலாவது அவர்கள் இரண்டு பெண்களாகவே இருக்கட்டும்.

முடியாது என்றால் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். கோலா கங்சாருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவிடம் நானே ஒரு நாள் சொல்கிறேன். நீங்கள் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்
மங்களம்


ஈப்போ
2.9.1978

மங்களம்,

பதில் போட நாளாயிடுச்சு. உன் கடுதாசியைச் சட்டைப் பையில் வெச்சுக்கிட்டே திரிஞ்சேன். சலவைக்குப் போனா உன் அம்மா கையில் மாட்டுமேன்னு அதே சட்டையைப் போட்டேன். என்ன வேண்டுதல்னு அவ கேட்டுட்டா.

புரிஞ்சுதுன்னு எழுத மாட்டேன். பாதிதான் புரியுது. காலையில் புரிஞ்ச பாதி மத்தியானம் நழுவிடுது. கோவம் வரும்னு காத்திருந்தேன், அதுவும் ஒழுங்கா வரலை. வந்தது பயம். உன்னை யாராச்சும் ஏதாச்சும் பண்ணிடுவாங்களோன்னு. அப்புறம் எனக்காகவும்தான், மறைப்பானேன்.

திருப்பி அனுப்பிடலாம்னு கட்டி எடுத்துக்கிட்டு தபாலாபீஸ் வரைக்கும் போனேன். வரிசையில் நிக்கிறப்போ, அந்தத் தோட்டத்துப் பொண்ணு, தேடிக்கிட்டிருக்கிறவ, அவ எனக்கு முன்னால நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்து கட்டை அவிழ்த்து ஜெயபாலன் கையில் குடுத்துட்டேன், எழுதினபடியே கோக்கட்டும்னு.

முதல் அத்தியாயம் கோத்துட்டு, "அண்ணே, ரெண்டும் பொம்பளையாலா?"ன்னான். ஆமாடான்னேன். "சரிலா"ன்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டான். நான் இத்தனை நாள் பட்ட பாட்டை அவன் ஒரு மடக்குக் கோப்பியில் முடிச்சுட்டான்.

கோலா கங்சாருக்கு ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிட்டேன். உன் அம்மாகிட்டயும் அதையேதான் சொன்னேன். நம்பின மாதிரி தெரியலை.

அப்பா,
சின்னையா


ஈப்போ
20.11.1978

அன்பு மகளே,

ஒரு விபரீதம் நடந்துடுச்சு. காரணம் என் வாய்தான்.

நம்ம கடையில் புரூஃப் பாக்கிற விதம் உனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் பிரதியைச் சத்தமா வாசிப்பேன், ஜெயபாலன் அச்சுத் தாளில் ஒத்துப் பார்ப்பான். அவனுக்கு ஒரு காது மந்தம், அதனால கூட்டத்தில் பேசுற மாதிரி கத்தணும். பின்கட்டில் உன் அம்மா கோயில் திருவிழா மலரைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அவளைப் படிக்கத் தெரியாத பொம்பளைன்னு நெனச்சேனே தவிர, காது கேக்குற பொம்பளைன்னு நெனைக்கலை.

முதல்ல ரேடியோ நாடகம் மாதிரிதான் கேட்டா. நான் உக்காரத் தாமதமானா, இன்னிக்கு வாசிப்பு இல்லையான்னு கேப்பா. வீரம்மாவுக்குக் காய்ச்சல் வந்த இடத்தில் மூக்கைச் சிந்தினா. நானும் தலை வீங்கிப்போய் இன்னும் உருக்கமா வாசிச்சேன். கருப்பம்மாள் மாவு ஒட்டின கையை மடக்கிக்கிட்டு, மணிக்கட்டால வீரம்மா முடியை ஒதுக்கி விடுற இடம் வந்துச்சு. பின்கட்டில் ஊசி நின்னுடுச்சு.

"இது பூமணி"ன்னா.

போன வருஷ தீபாவளிக்கு நம்ம குசினியில் முறுக்கு மாவோட அவ உனக்கு அப்படித்தான் ஒதுக்கி விட்டாளாம். பார்த்திருக்கா. நான் வாயைத் திறக்கலை. திறக்காததே பதிலாப் போச்சு. அவ அழலை, ஏசலை. ஊசியைத் துணியில் குத்தி வெச்சுட்டுச் சொன்னா: "நான் பெத்தவ. செத்துப் போன்னு சொல்லமாட்டேன். ஆனா இதை என் கையால தைக்க மாட்டேன்."

முன்பக்கங்கள் தவிர மத்தது எல்லாம் அச்சாயிடுச்சும்மா. பதினாறு பக்கத்துக்கு ஒரு பாரமா மடிச்சுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கு. இந்தக் கடையில் புத்தகம் தைக்கிறவ அவ ஒருத்திதான். வெளியே குடுத்தா அது புத்தகம் ஆகுறதுக்கு முந்தி ஊர்ப்பேச்சாயிடும். நானே ஒண்ணு தைச்சுப் பார்த்தேன். கடைசிப் பாரம் முன்னால போயி, வீரம்மா பொறக்கிறதுக்கு முந்தியே செத்துப்போயிட்டா.

அவ கட்டில் மேல, கதை கட்டிலுக்கு அடியில, நான் பக்கத்தில் தரையில. மூணு பேரும் ஒரே ரூம்ல மாட்டிக்கிட்டோம். உன் அம்மா இப்ப பசாருக்குக்கூடப் போறதில்லை. இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது, ஆனாலும் போறதில்லை.

அப்பா,
சின்னையா


தைப்பிங்
2.12.1978

அன்புள்ள அப்பா,

அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியானேன். பூமணி இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் மாற்றிக்கொண்டோம்.

நாங்கள் தைக்கிறோம் அப்பா. பொங்கலுக்கு இரண்டு பேருக்கும் லீவு கிடைத்திருக்கிறது. வரலாமா? இரண்டு பேரும்தான். அவளை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு, நான் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட என்னால் முடியாது.

அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். கேட்காமல் வரச் சொல்லிவிடாதீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

மங்களம்


ஈப்போ
8.1.1979

மங்களத்துக்கும் பூமணிக்கும்,

கேட்டேன். மங்களம் தனியா வந்தா இலை போடுறேன்னா. ரெண்டு பேரா வந்தா இந்த வாசல் இல்லைன்னா. கேக்காமலே வரச் சொல்லிடலாம்னுதான் நெனச்சிருந்தேன். அதைக் கண்டுபிடிச்சு முன்கூட்டியே எழுதிட்டே.

வர வேண்டாம்மா.

நானாவது அங்க வரலாம்னு வேட்டியெல்லாம் மடிச்சு வெச்சேன். உன் அம்மா பார்த்தா. தடுக்கலை. பொங்கல் பானையை எடுத்துப் பரண் மேல வெச்சுட்டு வந்து உக்காந்துட்டா. தான் ஒருத்திக்காக எதுக்குப் பொங்குறதுன்னு. அவ கல்லு இல்லைம்மா, பயந்துபோன மனுஷி. அவளைத் தனியா விட்டுட்டு வர எனக்கு முடியலை. அவகிட்ட சண்டை போட்டு உங்களை உள்ளே கூட்டிக்கிட்டு வரவும் தைரியம் இல்லை. இவ்வளவுதான் உங்க அப்பன். பெரிசா எதிர்பார்த்திருந்தா மன்னிச்சுக்குங்க.

பாரங்களை எல்லாம் கட்டி நாளைக் காலை பஸ்ஸில் டிரைவர் ராஜுகிட்டக் குடுத்து விடுறேன். அட்டையும் நூலும் ஊசியும் உள்ளே இருக்கு. பாரங்களுக்கு நம்பர் போட்டிருக்கு, அதைப் பார்த்து அடுக்குங்க. பூமணி, காயம் தைக்கிற மாதிரி இறுக்கிடாதேம்மா, தாள் கிழிஞ்சிடும். தைச்ச புத்தகத்தை இங்க அனுப்பாதீங்க. உங்க கையாலேயே யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுங்க.

முன்பக்கங்களை நேத்துதான் அடிச்சோம். அச்சிட்டவர் பேரை விட்டுடலாம்லான்னு ஜெயபாலன் சொன்னான். எழுதினவங்க பேரே உண்மை இல்லை, உங்க பேரு மட்டும் எதுக்கு, ராமையா அண்ணன் கையில் கிடைச்சா கடையை மூட வேண்டியதுதான்னான். பேரும் விலாசமும் போடணும்னு சட்டம் இருக்குடான்னேன். "நீங்க என்னிக்குண்ணே சட்டம் பார்த்தீங்க?"ன்னான். நியாயமான கேள்வி.

சட்டத்துக்காகப் போடலைம்மா. ரெண்டாம் பக்கத்தில் கீழே பாருங்க. முழுப் பேரு, வீட்டு விலாசம். அந்தப் புத்தகத்தில் உண்மையான பேரு அது ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரும் வர முடியாத வாசல்தான் அது. படிச்சவங்க யாராவது கடுதாசி போட்டா, நான் வாசல்லயே நின்னு வாங்கிக்குவேன்.

அப்பா,
ப. சின்னையா