கார்புரேட்டரின் காது

12.1.2025, ஞாயிறு

கூட்டாளி ஜெக்கரியா தோஹாவிலிருந்து பேசினான். அடுத்த மாசம் ஒன்றாம் தேதி வருகிறான். ஒன்பதாம் தேதி அவன் மகள் அஃப்ரீனுக்கு நிக்காஹ். "பத்திரிகை வைக்கக் காரு கீரெல்லாம் வேணாம்டா மருதையா. அத்தா வண்டியிலதான் நாம ரெண்டு பேரும் போறோம். ரெடியா வை" என்றான்.

அத்தா என்றால் அவன் அப்பா. அவர் எழுபத்தொன்பதில் வாங்கிய மோட்டார் சைக்கிள். ஜெக்கரியா வெளிநாடு போன நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக என்னிடம்தான் நிற்கிறது. நாற்றுக்கட்டு சுமந்ததும், என் மகள் இசைவாணியைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அதுதான். ஒரு நாளும் அவன் 'என் வண்டி' என்று சொன்னதில்லை. லீவு முடிந்து கிளம்பும்போது மட்டும் ஒரு பாடம் நடத்துவான்: ஆயில் அளவு, மழையில் நிறுத்தாதே, யாருக்கும் கொடுக்காதே.

15.1.2025, மாட்டுப் பொங்கல்

எங்கள் வீட்டில் மாடு போய் எட்டு வருஷம் ஆகிறது. அதனால் இன்றைக்கு வண்டியைத்தான் குளிப்பாட்டிச் சந்தனம் வைப்போம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் லேசாகக் கசிவு. எனக்குத் தெரிந்தது வயல் போர்செட் பைப்பு கசிந்தால் செய்கிற வைத்தியம்தானே? பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி நடுவில் வைத்து, ஸ்பானரைப் போட்டுக் கிறீச்சென்று சத்தம் வரும் வரை முறுக்கினேன். சத்தம் வந்தது. வேறு சத்தம். போல்ட் மாட்டுகிற காது ஒன்று உடைந்து கையோடு வந்துவிட்டது.

என் மனைவி வேம்பு சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். என் கையில் இருந்த உடைந்த காதைப் பார்த்து, "இதுக்கும் ஒரு பொட்டு வைக்கவா?" என்றாள்.

அடப்பாவி மருதையா, என்னடா பண்ணி வச்சிருக்க.

18.1.2025

இசைவாணி சென்னையிலிருந்து நெட்டில் தேடிப் பார்த்துவிட்டாள். "அந்த கார்புரேட்டரை இப்ப யாருமே செய்யலப்பா." பட்டுக்கோட்டையில் ஒருவரிடம் பழசு இருக்கிறது என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். வேறு வண்டியுடையது.

20.1.2025

ஜெக்கரியாவின் மனைவி ஜன்னத் பீவி போன் செய்தது. "அண்ணே, அவங்க போன் போட்டா வண்டிப் பேச்சுதான். நல்லா இருக்குல்ல?"

"இருக்கும்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

22.1.2025

நெல் அரைக்கும் மில்லுக்காரர் நெடுஞ்செழியன் புண்ணியம். தன் மில் சாமான்களைக் கடைந்து தருகிற செம்மொழியிடம் அனுப்பினார். தஞ்சாவூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறாள். முப்பது வயதிருக்கும். உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தவள், "ட்யூப் வச்சு முறுக்குனீங்களா ஐயா?" என்றாள். எனக்கு மானமே போயிற்று.

"மெத்துன்னு ஒண்ணை நடுவுல வச்சு இறுக்குனா காது வளையப் பாக்கும். இது ஜிங்க்கு. வளையாது, ஒடியும்."

"வெல்டிங் வைக்கலாமாம்மா?"

"வெல்லப்பாகு மாதிரி ஓடிடும். அந்தப் பக்கமே போயிடாதீங்க."

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "அடுத்த காதும் எப்பவோ ஒடைஞ்சு ஒட்டுனதுதான். ஈயம் வச்சிருக்கு. ரொம்பப் பழைய வேலை. அதுவும் நீங்களா?"

நான் இல்லை. சத்தியமாக நான் இல்லை.

25.1.2025

அறுவடை மெஷின் வயலில் இறங்கியது. நெல்லைப் பார்க்கவே மனம் இல்லை.

29.1.2025

ஓடுகிறது! ஓடுகிறது!

மிச்சமிருந்த காதையும் அறுத்து எடுத்து, அந்த இடத்தைக் கடைந்துவிட்டு, அலுமினியத்தில் இரண்டு காதோடு புது வளையம் செய்து, கார்புரேட்டர் கழுத்தில் இறுக்கமாகப் பொருத்தி, பசையும் மூன்று குட்டித் திருகாணியும் போட்டிருக்கிறாள் செம்மொழி. நாலாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. பட்டறை முழுக்கப் புகை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகையால் இல்லை. என்ன உறவு எனக்கு அந்தப் பெண்? மில் வேலையை ஒதுக்கி வைத்து மூன்று நாள் இதோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"இனிமே ரெண்டு விரலால திருகுனா போதும்யா" என்றாள். பிறகு, "கூலி வாங்கிக்கிறேன். அதுபோக எனக்கு வண்டியில ஒரு ரவுண்டு வேணும்" என்றாள்.

யாருக்கும் கொடுக்காதே என்று சொன்னவனைக் கேட்காமல் எப்படிக் கொடுப்பது? அவனைக் கேட்பதென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பழைய காது இரண்டையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

31.1.2025

வளையத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தால் யாருக்கும் தெரியாது. வேம்புவிடம் சொன்னேன்.

"தெரியாதுதான். பின்னாடி உக்காந்து அவரு முதுகைப் பாத்துக்கிட்டே ஊரெல்லாம் போவீங்க, அதான்" என்றாள்.

பெயிண்ட் டப்பாவைத் திறக்கவில்லை.

2.2.2025

சொல்லிவிட்டேன். பத்திரிகைப் பையோடு வாசலில் வந்து நின்ற ஜெக்கரியாவிடம், உட்காரக்கூடச் சொல்லாமல், ட்யூப் வைத்தது, முறுக்கியது, ஜன்னத்திடம் பொய் சொன்னது, செம்மொழி ரவுண்டு கேட்டது எல்லாம். காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

நான் உடைத்த காதை அவன் தொடவே இல்லை. ஈயம் வைத்த மற்றதை எடுத்தான். ஈயத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

"அத்தா ஹஜ்ஜுக்குப் போயிருந்தப்ப நான் ஒடைச்சதுடா இது" என்றான். "பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் கையில கால்ல விழுந்து ஒட்டுனேன். அத்தா மவுத்தாகி மண்ணுக்குப் போற வரைக்கும் சொல்லல. நீ சொல்லிட்ட."

பிறகு சிரித்தான். நானும் சிரித்தேன். இன்றைக்குப் பதினேழு வீடு முடித்தோம். அய்யம்பேட்டையிலிருந்து பாபநாசம் வரை ஒரு இடத்தில்கூட மக்கர் பண்ணவில்லை வண்டி.

9.2.2025

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. செம்மொழியும் வந்திருந்தாள். ஜன்னத் தன் கையாலேயே அவளுக்குப் பிரியாணி வைத்தது.

14.2.2025, வெள்ளி

ஜெக்கரியா கிளம்பிவிட்டான். காரில் ஏறும்போது பாடத்துக்காகக் காத்து நின்றேன். ஆயில் அளவு, மழை, யாருக்கும் கொடுக்காதே. ஒன்றும் வரவில்லை.

"அந்தப் புள்ளைக்கு ரவுண்டு குடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

நேற்றே கொடுத்தாயிற்று. தஞ்சாவூர்ப் புது ஆற்றங்கரையோடு போனவள் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து காகிதப் பொட்டலத்தைப் பிரித்தேன். என் காது மட்டும் இருக்கிறது. அவனுடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.