ஐஸ் பெட்டியின் நடு அடுக்கு

அக்டோபர் 19

தண்ணீர் பிடித்து வைக்க மூடி போட்ட டிரம் இரண்டு வாங்கி வந்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அடுத்து என்ன வாங்கப் போற, கப்பலா?" என்றார்.

சிரிக்கட்டும். போன வருஷ வெள்ளத்தில் மழைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தது இந்த மனுஷனுக்கு மறந்தேபோச்சு. அப்போது மூன்று பேரும் திடமாக இருந்தோம், சமாளித்தோம். இப்போது என் பொண்ணு கொசு இருக்கிற நிலைமையில் அதெல்லாம் நடக்குமா?

அக்டோபர் 23

எட்டு வயசுப் பிள்ளைக்குச் சர்க்கரையா என்று கேட்காத ஆள் இல்லை. ஷெட்டில் மீன் அடுக்கிக்கொண்டே கேட்கிறார்கள், தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். நான் என்னமோ தினமும் லட்டு ஊட்டி வளர்த்த மாதிரி ஒரு பார்வை வேறு. டாக்டர் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் எனக்கு முக்கியம். இன்சுலினை ஒருநாளும் விடக்கூடாது, விட்டால் சில நாட்கள்கூடத் தாங்கமாட்டாள். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும்.

பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாளென்று அவர்தான் கொசு என்று கூப்பிட ஆரம்பித்தார். காலையில் ஊசி போடும்போது சொல்கிறாள்: "எனக்குக் கொசுன்னு பேர் வச்சுட்டு, தினம் என்னையே கடிக்கிறீங்களே, இது நியாயமா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 30

டார்ச், பேட்டரி, தீப்பெட்டி, நைலான் கயிறு, ஒரு விசில். விசிலை ஊதி ஊதி மாடி அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டாள் கொசு.

நவம்பர் 5

புயல் உறுதியாம். ரேடியோ மணிக்கொரு தரம் கத்துகிறது. டிரம் இரண்டையும் மேலே மாடி அக்கா வீட்டு வராந்தாவுக்கு ஏற்றி நிரப்பியாச்சு. சர்டிபிகேட்டெல்லாம் பிளாஸ்டிக் பையில்.

கரண்ட் போய்விடும், ஃபிரிட்ஜை நம்ப முடியாது. மருந்துக்கு என்ன வழி என்று நான் யாரையும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? பதினாலு வருஷமாக என் வேலையே அதுதானே. ஷெட்டிலிருந்து நல்ல தெர்மாகோல் பெட்டி ஒன்று கொண்டுவந்தேன். அடியில் உடைத்த ஐஸ், மேலே கல்லுப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. உப்பு போட்டால்தான் ஐஸுக்கு வேகம், வெறும் ஐஸைவிட இன்னும் குளிரும். தூர ஊருக்குப் போகிற மீன் அப்படித்தான் போகிறது. விலை கூடின மீனை நடு அடுக்கில் வைப்போம். கொசுவின் மருந்தைப் பையில் சுற்றி நடு அடுக்கில் வைத்தேன். பாதி காலியான குப்பியையும் விடவில்லை. ராத்திரிக்கும் காலைக்கும் வேண்டியதை மட்டும் ஊசியில் எடுத்து வைத்துக்கொண்டு, மூடியை டேப் சுற்றி ஒட்டினேன்.

அவரே வந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்காரன் உன்கிட்ட கத்துக்கணும்" என்றார். எனக்கு என்ன ஒரு பெருமை!

நவம்பர் 6

வந்துவிட்டது. கீழ்வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். எல்லோரும் மாடி அக்கா வீட்டில். பெட்டி பத்திரம்.

பிற்பகல்.

ஊசி போடப் பெட்டியைத் திறந்தேன். குப்பியைக் குலுக்கினேன். சத்தமில்லை. ஆடவில்லை. உள்ளே கல். எல்லாமே கல்.

ஐயோ, நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்!

மீன் உறைந்தால் நல்லது. மருந்து உறையலாமா? ஃப்ரீசரில் வைக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. நான் ஃப்ரீசரிலா வைத்தேன்? பெட்டியில்தானே வைத்தேன் — பெட்டியையே ஃப்ரீசராக்கிவிட்டேனா? உப்பு. உப்பை யாருடி போடச் சொன்னா உன்னை?

கைக்குள் பொத்தி இளக வைத்தேன். குப்பிக்குள் திரிதிரியாக என்னவோ மிதக்கிறது. அவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "போட்டுப் பார்ப்போம், வேற என்ன பண்றது" என்றார். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நவம்பர் 7

கேட்கவில்லை. வழக்கத்தைவிடக் கூட்டிப் போட்டும் மருந்து கேட்கவில்லை. சுகர் மிஷினில் எண்ணே வரவில்லை, அளவு தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டுகிறது. மிஷின் கெட்டிருக்கும் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன்?

தண்ணீர், தண்ணீர் என்கிறாள். குடிக்கிறாள், உடனே பாத்ரூம் போகிறாள், திரும்ப வந்து டம்ளரை நீட்டுகிறாள். ஒரு வாரத்துக்கென்று பிடித்தது. முதல் டிரம் காலி. மாடி அக்கா தன் பங்கைக் குடிக்காமல் கொசுவிடம் தள்ளுகிறாள். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். வெட்கமே இல்லை எனக்கு.

போனில் சிக்னல் இல்லை. மொட்டைமாடியில் நின்று விசில் ஊதினேன். தெரு முழுக்கத் தண்ணீர்தான், ஒரு ஆள் இல்லை. உதடு வெடிக்கிறவரைக்கும் ஊதினேன்.

நவம்பர் 8

இரண்டு தடவை வாந்தி. மூச்சு பெரிது பெரிதாக வாங்குகிறது. வாயில் அழுகின பழம் மாதிரி ஒரு வாசனை. "அம்மா, நான் பெட்டிக்குள்ள இருக்கேனா? குளிருதே" என்றாள். எதையாவது எழுதவில்லை என்றால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். என்னை எடுத்துக்கொள். யாராக இருந்தாலும் சரி, இவளை விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள்.

அவர் எழுந்தார். கதவு ஒன்றைக் கழற்றினார். "கயிறு எங்க? டிரம்மைக் காலி பண்ணு" என்றார்.

இரண்டாவது டிரம்மில் அடியில் கொஞ்சம் இருந்தது. வீட்டில் இருந்த கடைசிக் குடிதண்ணீர். நான் மாடி அக்காவைப் பார்த்தேன். "என்னை என்ன பாக்குற? ஊத்துடி!" என்றாள். கொசுவுக்கு ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஊற்றினேன்.

மூடியை இறுக்கி மூடி, டிரம் இரண்டையும் கதவுக்கு அடியில் வைத்துக் கட்டினார். கொசுவைப் போர்வையில் சுற்றிக் கதவில் படுக்க வைத்து அதே கயிற்றால் கட்டினோம். படிக்கட்டில் இறக்கும்போது அவர் குனிந்து அவள் காதில், "கப்பல் வந்துருச்சுடா கொசு" என்றார். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

கழுத்தளவுத் தண்ணீரில் அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறார். என்னையும் கூட்டிட்டுப் போங்க என்றேன். "உனக்கு நீச்சல் தெரியாது, உன்னையும் சேத்து என்னால தூக்க முடியாது" என்றார். சரிதான். தெருமுனை திரும்புகிறவரை தெரிந்தது.

நவம்பர் 9

ஒன்றும் தெரியவில்லை.

நவம்பர் 10

ஒன்றும் தெரியவில்லை. மாடி அக்கா பிஸ்கட் கொடுத்தாள். கையிலேயே வைத்திருந்தேன். அடி பாவி, ஒரு சிட்டிகை உப்பு குறைத்துப் போட்டிருக்கக் கூடாதா?

நவம்பர் 12

படகு வந்தது. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டார்கள்.

வராந்தாவில் தரையில் உட்கார்ந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலெல்லாம் வெட்டுக்காயம். பக்கத்துக் கட்டிலில் டியூப்போடு கொசு. கண் திறந்திருந்தது. "ஏம்மா இவ்வளவு லேட்டு?" என்றாள்.

பிறகு நர்ஸம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், உப்பு, நடு அடுக்கு, எதையும் மறைக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. "உறைஞ்சு போனா அந்த மருந்தை நம்பக் கூடாதும்மா. ஐஸே தேவையில்ல. வெயில் படாம ஒரு அலமாரியில சும்மா வச்சிருந்தாலே ஒரு மாசம் வந்திருக்கும்" என்றாள்.

சும்மா வைத்திருந்தாலே.

கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். "நானும்தானே பாத்தேன். பாத்துட்டுப் பாராட்டினேன்ல" என்றார்.

அக்டோபர் 15, புது டைரி

மறுபடியும் மழைக்காலம். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவர் டிரம் வாங்கி வந்துவிட்டார், இந்தத் தடவை நாலு. மாடி அக்கா வீட்டுக்கும் சேர்த்தாம்.

ஷெட்டில் இன்றைக்கும் உப்பு போடும்போது கை ஒரு நொடி நிற்கிறது. "என்ன, தூக்கமா?" என்று மேஸ்திரி அதட்டினார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது கொசு சின்ன மண்சட்டி ஒன்றைப் பெரிய சட்டிக்குள் இறக்கி, நடுவில் ஈரமணல் போட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் இல்லாமலே குளிர்ச்சியாக இருக்க நர்ஸம்மா சொல்லிக் கொடுத்ததாம். மருந்துக் குப்பியைப் பையில் கட்டி உள்ளே வைத்து, மேலே ஈரத்துணி மூடி, அலமாரியில் நிழல் பார்த்து வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"அம்மா, மத்ததெல்லாம் நீ எடுத்து வை. இதை மட்டும் தொடாத."

"சரிடா" என்றேன். உட்கார்ந்து டார்ச்சுக்குப் பேட்டரி போட்டேன்.