வழியனுப்ப வந்தவர்

மார்ச் 4

என் வார்டனம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். விடுதி வேலைக்கென்று நீ ஊர் மாறிப் போனதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. அகராதி வேலையோ 'சீ' என்ற ஆங்கிலச் சொல்லில் வந்து படுத்துவிட்டது. தமிழில் எழுதினால் யாரையோ திட்டுவதுபோல இருக்கிறது. பார்ப்பது, சந்திப்பது, வழியனுப்புவது, புரிந்துகொள்வது என்று அர்த்தம் நீண்டுகொண்டே போகிறது. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எப்போதும் உன் கையால்தானே வந்தன? அர்த்தத்துக்கு ஒன்றாக எழுதி அனுப்பு. எனக்கு மூளை ஓடவில்லை.

உன் அகராதிக்காரன்

மார்ச் 11

அகராதிக்காரருக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? இங்கே ஒரு மாடி நிறையப் பெண் பிள்ளைகள். எல்லாரையும் அடக்கிப் படுக்கவைத்துவிட்டுச் சாய்ந்தால் கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. எனக்குத் தற்காலிகமாகத் தந்த விடுதி அறையை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தெருக்கோடியில் நாம் இரண்டு பேரும் இருக்கத் தோதாக ஒரு வீடு இருக்கிறது. உங்கள் வேலையை இங்கிருந்தே செய்யலாம் என்று பதிப்பாசிரியரே சொன்னாரே, வருகிறீர்களா? வீட்டுக்காரம்மா தினமும் கேட்கிறார்: "உங்க வீட்டுக்காரர் எப்பம்மா வர்றாரு?" மாதம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டவை:

பார்ப்பது: "அவள் தலை நரைத்ததை அவர் பார்க்கவில்லை."

சந்திப்பது: "அவரைச் சந்திக்க அவள் அலுவலகத்துக்குப் போனாள்."

வழியனுப்புவது: "அவளை வழியனுப்ப யாரும் வரவில்லை."

புரிந்துகொள்வதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 18

வார்டனம்மாவுக்கு,

உன் கை உன் கைதான். சின்னத் திருத்தம் மட்டும் செய்தேன். எடுத்துக்காட்டில் 'இல்லை' வரக்கூடாது என்பது எங்கள் விதி, உனக்குத் தெரியாததா? எனவே "அவள் தலை நரைத்ததை அவர் பார்த்தார்", "அவளை வழியனுப்பக் கணவர் வந்தார்" என்று மாற்றி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டு விஷயத்தை இந்தப் பகுதி முடிந்ததும் பேசலாம். புரிந்துகொள்வதற்கு மட்டும் சீக்கிரம் ஒன்று அனுப்பு. அச்சகம் கழுத்தைப் பிடிக்கிறது.

உன் அகராதிக்காரன்

மார்ச் 30

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். நான் கிளம்பிய அன்று, நீங்கள் வந்தாலும் வருவீர்கள் என்று பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறினேன். இப்போது வந்ததாக அச்சில் போட்டாயிற்று. படிக்கிற பிள்ளைகள் நம்பத்தான் செய்வார்கள்.

உங்கள் விதியை நான் மறக்கவில்லை. தெரிந்தேதான் 'இல்லை' என்று எழுதினேன். ஏன் இப்படி எழுதினாய் என்று ஒரு வார்த்தை கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

தெருக்கோடி வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்துவிட்டது. நானே வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "அவர் வரமாட்டார்ம்மா. எனக்கு ஒத்த ரூம் இருந்தா போதும்." சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது. அதுதான் எனக்கே பயமாக இருந்தது. கோபமெல்லாம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் தீரப்போகிற நேரம், இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கேட்ட வாக்கியத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு இந்த அறையைக் காலி செய்கிறேன். புது அறையின் முகவரியை அப்புறம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
விடுதி வார்டன்