ஆறாவது நிமிடத்தில் ஒரு கேள்வி

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் தோள்வலி தேவலையா?

எங்கள் ஜாஸ் இசைத்தட்டுக்குப் பதிவு முடிந்தது. டிரம்ஸ் அண்ணன், பாஸ் கிட்டார் அண்ணன், பியானோவில் நான். முன்கூட்டி எதுவும் எழுதி வைப்பதில்லை. ஒருவர் தொடங்குவார், அந்த நொடியில் தோன்றுவதை மற்றவர்கள் வாசிப்போம். வாசித்ததில் எதையும் வெட்டக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது உருப்படியில், ஆறாவது நிமிடம், இருவரும் ஓய்ந்தார்கள். நான், “முடிஞ்சிடுச்சா அண்ணா?” என்று கேட்டுவிட்டேன். மைக் அதையும் பிடித்துக்கொண்டது. அதை வெட்டினால்தான் தட்டு வரும் என்கிறார் வெளியிடுபவர். அண்ணன்களோ, “உன் குரல், நீயே சொல்லு” என்று ஒதுங்கிவிட்டார்கள்.

பதிவை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும்?

உன் தங்கை

ஏப்ரல் 15

என் வாயில்லாப்பூச்சிக்கு,

காரியம் என்றால்தான் அக்கா நினைவு வரும், இல்லையா?

சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் ஃபேக்டரி தையல் கூடத்தில் உன் பதிவைப் போட்டோம். காலர் தைப்பவள், “உன் தங்கச்சி பியானோ வாசிக்கிறாளா, கழுவுறாளா?” என்றாள். “வாயை மூடுடி, அவ காலேஜ் படிச்சவ” என்றேன். எனக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

உன் குரல் வந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மணி அடித்தும் எழுந்திருக்காமல் கடைசிவரை கேட்டார்கள். சூப்பர்வைசரிடம் திட்டு எனக்கு. ஆனாலும் அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. நம் வீட்டில் முதல் பட்டதாரி நீ. ஒன்றும் தெரியாதவள் என்று நாலு பேர் நினைக்க வேண்டுமா? வெட்டச் சொல்லிவிடு, கண்ணு.

அக்கா

ஏப்ரல் 23

அன்பு அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிறகு பதிவைக் கேட்டேன். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் என் கேள்விக்கு பாஸ் அண்ணன் வாயால் பதில் சொல்லவில்லை. தடித்த கம்பியை ஒரு முறை சுண்டினார். அதற்குப் பிறகு நான் வாசித்த நான்கு நிமிடம் போல் அதற்கு முன் ஒருநாளும் வாசித்ததில்லை. கேள்வியை எடுத்துவிட்டால் அந்தப் பதில் அந்தரத்தில் நிற்கும்.

வெளியிடுபவரின் அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன்.

“குரல் இருக்கட்டும் சார்.”

“கேக்கறவங்க சிரிப்பாங்கம்மா.”

“சிரிச்சிட்டு மிச்சத்தையும் கேப்பாங்க. எங்க அக்கா ஃபேக்டரியில மணி அடிச்சும் யாரும் எழுந்திருக்கல.”

வெகுநேரம் பேனாவை உருட்டினார். பிறகு வெளியீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

நீ சொல்லி நான் கேட்காத முதல் விஷயம் இது. கோபம் இருந்தால் தாராளமாகத் திட்டி எழுது. அடுத்த வாரம் தட்டு வருகிறது. முதல் தட்டு உனக்குத்தான். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சத்தத்தைக் கூட்டி வை.

உன் தங்கை