இடக்கைக்கு மாற்றிய ரீல்

1946 மார்ச் 2, சனி

காலையிலிருந்தே புழுக்கம். வேர்க்‌ஷொப் அரை நாள். வந்ததும் அலுமாரி மேலிருந்து அப்பாவின் தூண்டில் ரீலை இறக்கினேன். பித்தளை, பழைய இங்கிலீஷ் சாமான். சுற்றவே இல்லை. டிசம்பரில், நத்தாருக்கு முதல் வாரம் வெள்ளவத்தைக் கடற்கரைக் கற்களில் நின்று மீன் பிடித்து வந்தவர், நூலைக் கழுவிக் காயவிடாமலே படுத்தார். விடிய வலப்பக்கம் விழுந்துவிட்டது. பாரிசவாதம். காலுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. கைக்கு இல்லை.

நூல் உக்கிப்போயிற்று. வெட்டி எறிந்தேன். உள்ளே உப்பு, பச்சைக் களிம்பு, மணல். திருகாணிகள் அசையவில்லை. எல்லாம் மண்ணெண்ணெயில்.

அப்பா சாய்வுநாற்காலியிலிருந்து:

"கழட்டிறது சுகம். பூட்டத் தெரியுமோ?"

"கப்பல் எஞ்சினே பூட்டுறன்."

"கப்பல் எஞ்சின் மீன் பிடிக்காது, தம்பி."

பிறகு, மே மாதக் காற்று கடலைக் கலக்குமுன்னம் கை சரிவந்துவிடும், ஒருக்காப் போகவேணும் என்றார். நான் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைக் கிளறினேன். போன வியாழக்கிழமை டொக்டர் வாசல் படலையடியில் வைத்து என்னிடமும் அம்மாவிடமும் சொன்னார்: இந்தக் கை இனி இவ்வளவுதான். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவருக்குச் சொல்லிப்போடாதை" என்றா.

மறைப்பதில் என்ன லாபம்? விளங்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் ரீலின் தட்டுகளைக் காணோம். குசினியில், பீடத்து மெழுகுதிரித் தண்டுகளோடு சேர்த்து அம்மா பழப்புளி போட்டு மினுக்கிக்கொண்டிருக்கிறா. தவசு காலம் வருகிறதாம், வீட்டுப் பித்தளை எல்லாம் மினுங்க வேண்டுமாம்.

கத்திவிட்டேன். புளி திருகாணித் துளைகளுக்குள் இறங்கினால் ஒரு கிழமையில் மறுபடி களிம்பு.

"பவுன் மாதிரி இருக்கு. இதில என்ன குறை?"

"உள்ளுக்குத் தின்னும், அம்மா."

"உன்ர மெசினுக்குத்தான் நோகும். பெத்தவளுக்கு நோகாது."

சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். கழுவி, துடைத்து, வெயிலில். பின்னேரம் இடி, மழை. எல்லாவற்றையும் உள்ளே அள்ளினேன். நாள் வீண்.

மார்ச் 5, செவ்வாய்

வேலை முடிந்து வந்து பூட்டினேன். அச்சுக்குத் தையல் மெசின் எண்ணெய், ஒரு சொட்டு. பற்சக்கரத்துக்கு வசிலின், மெல்லிசாக. வேர்க்‌ஷொப் கிரீஸ் உதவாது. தடிப்பு.

உள்ளே சக்கரத்துப் பல்லில் தட்டுகிற ஒரு சின்ன நாக்கு. மீன் நூலை இழுக்கும்போது இறுக்கிப் பிடிக்கும். நாம் சுற்றும்போது இலகுவாக விடும். அதன் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, மறுபக்கம் புதிசு. திருப்பிப் போட்டால் ரீல் இடக்கைக்கு வரும். தூண்டில் தடியை வலக் கக்கத்தில் அமத்திக்கொண்டு இடக்கையால் சுற்றலாம்.

திருப்பிப் போட்டேன். புதுநூலையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? வேலை செய்கிற கைக்குத்தானே சாமான்.

மார்ச் 6, விபூதிப் புதன்

சுவாமியார் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சாம்பல் பூசிவிட்டுப் போனார். பிறகு ரீலை மடியில் வைத்தேன்.

இடக்கையால் தடவினார். நூலை இழுத்தார். நிறுத்தினார்.

"இதை மாத்திப்போட்டாய்."

"ஓம். நாக்குத் தேஞ்சு போச்சு."

"நான் நாக்கைக் கேக்கேல்ல. டொக்டர் என்ன சொன்னவர்?"

குசினியில் அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்றது. சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

நெற்றிச் சாம்பல் மூக்கில் உதிர, ரீலை என் பக்கம் தள்ளினார்.

"பழையபடி பூட்டு."

"பூட்டினா உங்களால சுத்தேலாது, அப்பா."

"பூட்டெண்டுறன்."

பூட்டவில்லை. பிடிவாதம் அவருக்கு மட்டுமா?

மார்ச் 7, வியாழன்

அம்மா சோற்றை வைத்துவிட்டுப் போகிறா. டொக்டர் சொன்னதைச் சொல்லிப்போட்டேன் என்ற கோபம்.

பின்னேரம் ஹமீது நானா, அப்பாவோடு கற்களில் நின்று மீன் பிடிக்கிறவர், வந்து அப்பாவிடம் சொன்னார்: "கடல் குளம் மாதிரி ஈக்கிது, சவரி. நீங்க எப்ப வாரீங்க?"

அப்பா: "என்ர மகனைக் கேளும். அவர் இப்ப கையளுக்கும் மெக்கானிக்."

நானா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நான் எழும்பி வெளியே போனேன். கோவில் வரை நடந்து திரும்பினேன். வெட்கமா, கோபமா, தெரியவில்லை.

மார்ச் 8, வெள்ளி

தவசு வெள்ளி, இறைச்சி இல்லை. சந்தை மீன். அப்பா தொடவில்லை.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். கணக்கில் பிழை இல்லை. கை வராது, ரீல் சரி. ஆனாலும் எங்கோ பிழை.

மார்ச் 9, சனி

பழையபடி பூட்டினேன். நூலையும் திருப்பிச் சுற்றினேன். மடியில் வைத்தேன்.

தன் வலக்கையை இடக்கையால் தூக்கிப் பிடியில் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். தோள் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை வழுக்கி மடியில் விழுந்தது. திரும்பவும் தூக்கி வைத்தார். திரும்பவும் விழுந்தது. உதவப் போனேன். "தள்ளி நில்" என்றார். அம்மா கதவடியில், வாயில் சேலைத் தலைப்பு.

கடைசியில் அந்தக் கையைக் கதிரைக் கையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"டொக்டர் உனக்குச் சொன்னவர். நீ ரீலுக்குச் சொன்னாய். நான் ஒருக்கா என்ர கையைக் கேக்க வேண்டாமோ?"

மடியிலிருந்து சரிந்த ரீலைப் பிடித்தேன்.

"சரி. இப்ப மாத்து."

ஸ்குரூடிரைவர் எடுத்து அவர் காலடியில் இருந்தேன். முதல் திருகாணி வந்தது. வைக்க இடம் பார்த்தேன்.

இடக்கையை நீட்டினார்.