சொல்தா வீட்டு நாற்காலி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. என் வீட்டுக்காரர் வின்சென்ட் கடையில் ஈயோட்டுகிறார். மழைக்காலத்தில் ஏசி ரிப்பேருக்கு யார் வருவார்கள்?

செய்ய வேண்டியவை: கோட்டுச்சேரிக்காரரின் பிறப்புச் சான்றிதழ், பிரெஞ்சில். லூசிக்கு மழைக்கோட்டு (பழையது முழங்கைக்கு மேலே நிற்கிறது). நேற்றைய கல்லறைத் திருநாள் மெழுகுவர்த்தி மிச்சம், கோவிலில் கொடுக்க. அம்மாவுக்கு போன்.

சான்றிதழ் மொழிபெயர்ப்பு ஒரே சலிப்பு. 'மேற்படி நபர்', 'கீழே கையொப்பமிட்டவர்'. இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மேற்படி நபர்கள்தான்.

பாரிஸிலிருந்து அம்மா: "என்ன பிள்ளை, அங்கையும் மழையோ? செபமாலை சொல்லுறனியோ?" ஓம் என்றேன். பொய்யில்லை. வாய் சொல்லத்தான் செய்கிறது. மனம் சான்றிதழில் இருக்கிறது.

லூசிக்கு வயது பதின்மூன்று, வாய்க்கு இருபது. "அம்மா, கடையில போய் 'கதைக்கிறது'ன்னு சொல்லாதீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க." யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஏழு வயதில் பாரிஸுக்குத் தூக்கிப் போகப்பட்டு, அங்கேயே வளர்ந்து, நாற்பதில் கணவரின் ஊருக்கு வந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? அங்கே தமிழச்சி. இங்கே சிலோன்காரி. சிரிக்கட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். மழைக்கோட்டு வாங்கவில்லை.

சொல்தா வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. தெருக்கோடி வீடு. செபஸ்தியான் ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் ஊருக்கே சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். போன மாதம் மூளையில் அடைப்பு. உயிர் பிழைத்துவிட்டார், தமிழ் போய்விட்டது. பேசுவது பிரெஞ்சு, புரிவதும் பிரெஞ்சு. தமிழ் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றாராம் டாக்டர். மறுபடி ஒரு அடைப்பு வந்தால் தாங்காது என்றும்.

மனைவி அருளம்மா: "நான் பேசுனா யாரோ வழிப்போக்கி பேசுற மாதிரி பாக்குறாரு. அவரு பட்டாளத்துல கெடந்தப்போ நான் இங்கதான இருந்தேன். எனக்கு எங்க தெரியும் அந்த பாஷை?"

கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். ஐயா என்னைப் பார்த்தார், பிறகு அருளம்மாவைக் காட்டி ஏதோ கேட்டார். பாதி வாய்தான் அசைகிறது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"தெனமும் இதையேதான் கேக்குறாரு. என்னவாம்?"

"நீங்க சாப்பிட்டாச்சா என்று கேக்கிறார் அம்மா."

அருளம்மா தண்ணீர்த் தம்ளரைப் பார்த்தார். பிறகு, "அடப் பாவி மனுஷா. தண்ணி கேக்குறாருன்னு நெனச்சு தம்ளர் தம்ளரா ஊத்திக் குடுத்துட்டு இருந்தேனே!"

சிரித்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே சிரித்தார். சாப்பிட்டாள் என்று ஐயாவிடம் சொன்னேன். கண்ணை மூடித் தூங்கிப்போனார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே என் அப்பா என்னை பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்திருக்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

மீன் விலை கேட்டுவிட்டு முட்டை வாங்கி வந்தேன்.

கோவிலில் ஃபாதர் அமல் நிறுத்தினார். பங்குக்குப் புதியவர், சின்ன வயது. "சொல்தா ஐயா விஷயமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அவருக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். எனக்கு பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. புரியலன்னாலும் இந்த நெலமையில நான் மன்னிப்பு குடுக்கலாம், தப்பில்ல. ஆனா அவரு என் கைய விட மாட்டேங்குறாரு. புரிஞ்சுதா புரிஞ்சுதான்னு பாக்குறாரு. நடுவுல ஒருத்தர் இருந்து மொழிபெயர்க்கலாம். திருச்சபையில அதுக்கு எடம் இருக்குங்க."

நானா? பொம்பளை, அதுவும் சான்றிதழ் மொ.பெ. செய்கிறவள்?

"கேட்டத சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. எனக்கு என்ன கட்டோ அதே கட்டு உங்களுக்கும்."

ஓய்வு பெற்ற பிரெஞ்சு வாத்தியார் இதே தெருவில் இருக்கிறாரே, அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிட நறுக்காக இருக்குமே என்றேன். தப்பிக்கத்தான். நேற்றே அவரைக் கூட்டிப் போனார்களாம். ஐயா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

ஃபாதருடன் போனேன். இவள் நடுவில் இருப்பதில் சம்மதமா என்று என்னைப் பற்றி என்னையே கேட்க வைத்தார். கூச்சமாக இருந்தது. எந்த ஊர் என்றார் ஐயா. யாழ்ப்பாணம், பிறகு பாரிஸ். அப்பா யார்? சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. தெரியாததில் அவ்வளவு சந்தோஷம், அந்தப் பாதி வாயால் சிரித்தார்.

"ஊர்க்காரரிடம் சொன்னால் ஊரிடமே சொன்ன மாதிரி," என்றார் பிரெஞ்சில். "நீ வேண்டுமானால் இரு. உனக்கு இங்கே யாரும் இல்லை."

ஆறு வருடமாக என்னைக் குத்திக்கொண்டிருந்த பேச்சு இது. கல்யாண வீட்டுப் பந்தியில், சந்தையில், ரேஷன் கடை வரிசையில். இன்றுதான் அது ஒரு தகுதியாக என் முன்னால் வைக்கப்பட்டது. சம்மதித்துவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

காலைப் பூசைக்குப் பிறகு போனோம். அருளம்மாவை அடுப்படிக்கு அனுப்பி ஃபாதர் கதவைச் சாத்தினார். என் நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டார். "மொகத்த பாக்க வேணாங்க. காது போதும்." சுவரில் போன வருடத்துக் காலண்டர், குழந்தை இயேசு படம், ஒரு பல்லி.

ஐயா ஆரம்பித்தார். நான், "அவர் சொல்கிறார், தாம் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது..." என்று தொடங்கினேன். மேற்படி நபர் பழக்கம். ஃபாதர் நிறுத்தினார். "அவரு சொல்றாருன்னு வேணாம். அவரு பேசுறபடியே பேசுங்க."

அப்புறம் 'நான்' என்று சொன்னேன். நான் பாவம் செய்தேன். என் குரலில், என் வாயால்.

.

.

இங்கே எழுத ஒன்றுமில்லை.

முடிந்ததும் ஃபாதர் கையை உயர்த்தி, 'நான் உன் பாவங்களை மன்னிக்கிறேன்' என்று தமிழில் சொன்னார். அதை ஐயாவுக்குப் புரியவைக்க வேண்டும். அவ்வளவு நேரம் வாய் கூசாமல் 'நான்' சொன்னவள், அங்கே வந்ததும் நின்றுவிட்டேன். அந்த 'நான்' என் வாய்க்கு உரியதில்லை. "ஃபாதர் உங்களை மன்னிக்கிறார், ஆண்டவர் பெயரால், எல்லாவற்றையும்" என்று சொன்னேன். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு பெரிய மூச்சு. அப்படி ஒரு மூச்சை நான் இதற்கு முன் கேட்டதில்லை.

வெளியே வந்தால் எல்லாம் அப்படியே. கோட்டுச்சேரி பஸ் ஹாரன். மீன்காரம்மா பேரம். எதிர்வீட்டுப் பையனின் சைக்கிள் செயின் கழன்று கிடக்கிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவருக்குள் என்ன இருக்கிறதோ, இவளுக்குள் என்ன இருக்கிறதோ. பயம் என்று சொல்ல மாட்டேன். கோவிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவோமே, அந்த மாதிரி. தெரு முழுக்க அப்படித் தோன்றியது.

சாப்பாட்டை மூடி வைத்தேன். வி. விளையாட்டாக, "என்னடி சொன்னாரு சொல்தா?" என்றார். பார்த்தேன், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்கவில்லை. தானே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை இல்லை. குடித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. பள்ளிக்கூடம் லீவு. லூசிக்குக் கொண்டாட்டம்.

மதியம் அருளம்மா வந்தார், குடையோடு. உட்காரவில்லை.

"என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"அம்மா, என்னால சொல்ல ஏலாது."

"என்னன்னு சொல்ல வேணாம். சொன்னாரா இல்லையா? தலைய மட்டும் ஆட்டு."

கழுத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். கண்ணைக்கூட எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தேன்.

"அம்பது வருஷத்துக்கு மேல சோறு வடிச்சவளுக்குத் தெரியக் கூடாது. நேத்து வந்த சிலோன்காரிக்குத் தெரியலாம். நல்லாருக்குடி உங்க நியாயம்."

போய்விட்டார். குடையை இங்கேயே விட்டுவிட்டு, நனைந்துகொண்டே. லூசி ஓடிப்போய்க் கொடுத்தாள், வாங்கவில்லையாம்.

அழுதேன். ஒரு பேச்சு பேசினால் அந்த மனுஷிக்கு ஆறுதல். அதைப் பேச எனக்கு உரிமையில்லை. ஃபாதருக்கு போன் செய்தேன். ஒன்றுமில்லை என்றாவது சொல்லலாமா?

"ஒண்ணுமில்லைன்னும் சொல்ல முடியாதுங்க. இருக்குன்னும் சொல்ல முடியாது." பிறகு, "கஷ்டம்தான். சாப்டீங்களா?"

அவருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. பங்கில் உள்ள அத்தனை பேருடைய கதையும் அந்த ஒல்லி உடம்புக்குள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சாயங்காலம் பையன்களோடு பந்து விளையாடுகிறார், தோற்றால் சண்டை பிடிக்கிறார். எனக்கு ஒரே ஒரு ஆளுடையது, அதுவே நெஞ்சை அடைக்கிறது. எல்லாருடையதையும் கேட்டுக்கொண்டு ஒருவர் மேலே சும்மா இருக்கிறாரே! அவரை நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருடம் அவரிடம் என்ன பேசிக்கொண்டிருந்தேன்? பரீட்சை, வாடகை, அம்மாவின் முழங்கால்.

இன்று செபமாலை பாதியில் நின்றுவிட்டது. மேலே சொல்ல முடியவில்லை. சும்மா கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 8, சனி

வெயில். துணி மூன்று கொடி.

திருநள்ளாற்றுக்குப் போகிற கூட்டம், ரோடு முழுக்க வேன். வி. ஒரு லாட்ஜில் ஏசி பார்க்கப் போய் வெயிலில் மாட்டிக்கொண்டார். கோட்டுச்சேரிக்காரருக்கு வேலை முடிந்தது. 'மேற்படி நபர்' என்று அடிக்கும்போது கை தயங்கியது. இந்த நபருக்கும் ஒரு கட்டில், ஒரு மூச்சு எல்லாம் உண்டுதானே.

சொல்தா ஐயாவுக்கு மோசம். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொன்னதாக வாத்தியார் சொன்னார். சொந்தக்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அந்த வழியாகப் போனேன். வாசலில் அருளம்மா. என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் உள்ள கரண்டுக் கம்பத்தைப் பார்ப்பதுபோல. குடையைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்து இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். லூசி உள்ளே ஓடி வந்தாள். "அம்மா, சொல்தா வீட்டு ஆச்சி வாசல்ல நிக்கிறாங்க. கூப்டா உள்ள வர மாட்டேங்குறாங்க."

மாவுக் கையோடு போனேன். "வா," என்றார். அவ்வளவுதான். பின்னாலேயே போனேன்.

அறையில் நாத்தனார், கொழுந்தனார், யார் யாரோ. எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். நாத்தனார், "இந்த நேரத்துல என்ன அண்ணி?" என்று கேட்கக் கேட்கக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஐயா கண் விழித்திருந்தார். முகம் சிறுத்துவிட்டது.

"எனக்கே நீ சொல்லல," என்றார் அருளம்மா. "ரெண்டு நாளா வயிறு எரிஞ்சுது. நேத்து ராவு படுத்துக் கெடந்தப்பதான் தோணுச்சு. எனக்கே சொல்லாதவ ஊர்ல எவளுக்குச் சொல்லப் போறா?" நாற்காலியை இழுத்தார். "உக்காரு ரெஜினா. அவரு சொன்னது எனக்கு வேணாம். நான் சொல்றத அவருகிட்ட சொல்லு. எனக்கும் இருக்கு."

பழக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

"அங்க என்னத்த பாக்குற? என் மொகத்த பாத்துக் கேளு."

சொன்னார். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி, நான் அதை பிரெஞ்சில் ஐயாவிடம் கொண்டுபோகும்வரை காத்திருந்து. அவர் பேசினபடியே நான் பேசினேன். இது பாவசங்கீர்த்தனம் இல்லை. இதற்கு எந்தக் கட்டும் இல்லை. ஆனாலும் எழுத மாட்டேன்.

ஐயா கடைசிவரை அருளம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். போய்விட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். திறந்தார். மூன்றே வார்த்தை சொன்னார். சொன்னேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"தமிழ்ல வேணாம். அவரு சொன்னபடி சொல்லு. மெதுவா."

ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னேன். உதட்டைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டார். இரண்டாவது சொல்லில் தடுக்கியது. மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். பிறகு அருளம்மா கட்டில் மேல் குனிந்து, அவர் காதோரம், அதே மூன்று வார்த்தையையும் தட்டுத் தடுமாறித் தன் வாயால் அவரிடம் சொன்னார்.

ஐயா புரிந்துகொண்டார்.

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.